மறுபடியும் வளர்ந்த சதை

கருப்பைக்குள் வளர்ந்த சதையை எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தையல்காரிக்கு மறுபடியும் உதிரப்போக்கு. அக்காவைக் கருப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள் அவள். இரண்டாம் முறை எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"இதுவும் சாதாரண சதைதாம்மா, புற்றுநோய் இல்ல. சிலருக்கு எடுத்தாலும் திரும்ப வளரும். இனி ரத்தம் பட்டா உடனே வாங்க," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் துணைக்கு வந்திருந்த நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, என் தையல் மெஷினைத் திருப்பிக் கொடுத்துடு."

"நீங்கதானே அண்ணி, 'நான் எங்க இனிமே தைக்கப்போறேன், நீயே வச்சுக்கோ'ன்னு அழுதுட்டே கொடுத்தீங்க?"

"இப்ப தைக்கப்போறேனே!"

"ஊசி ரெண்டை உடைச்சுட்டேன், பரவாயில்லையா?"

இருவரும் சிரித்த சிரிப்பில், எதிரே வந்த நர்ஸ் உதட்டில் விரல் வைத்து அதட்டினாள்.