தாய்மாமன் வந்த வழி

திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த விமானம் காலை ஐந்தரை மணிக்குக் கோலாலம்பூரில் இறங்கியபோது, சன்னாசியின் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. முப்பத்தோராண்டு பேருந்து நடத்துநராக உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். நேரத்தை எழுதிக்கொள்ளாமல் பக்கத்து ஊருக்குக்கூடப் புறப்படமாட்டார். விமான நிலையத்து இரயிலில் ஏறினால் ஏழு மணிக்குள் சென்ட்ரல் நிலையம், ஏழரைக்கு அடுத்த இரயில், பத்துக்கு ஈப்போ. தங்கை மங்களத்தின் மகள் விமலாவுக்கு முகூர்த்தம் பதினொன்றுக்குமேல் பன்னிரண்டுக்குள். விடுமுறைக் கூட்டத்தால் முந்தைய நாள் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு மணி நேரம் கையிருப்பு உண்டு. தாலி ஏறுமுன் பெண்ணுக்குத் தாய்மாமன் புடவை கொடுத்து, மாலையிட்டு, மணவறைக்கு அழைத்துச் செல்வது அவர்கள் குல வழக்கம். அந்தப் புடவை விமானத்தில் அவர் மடியிலேயே வந்தது. இரயில் சீட்டை விமலாவே எடுத்து அனுப்பியிருந்தாள்.

வெளிவாயிலில் கோகிலன் நின்றான். மங்களத்தின் கணவர் இராமசாமியுடைய தம்பி மகன்.

"வாங்க மாமா! கார் ரெடி."

"எனக்குத்தான் இரயில் டிக்கெட் இருக்கே, தம்பி."

"பெரியப்பா அதை நேத்தே கேன்சல் பண்ணிட்டாரு. தாய்மாமன் டிரெயின்லயும் பஸ்ஸுலயும் வந்து எறங்குனா எங்களுக்குல்ல மாலு! நாலு பேரு சிரிப்பான் லா."

"விமலாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணப் பொண்ணு, எதுக்கு டென்ஷன்? சொல்லல."

வெட்கத்தைத்தான் அவர்கள் மாலு என்கிறார்கள் என்பது சன்னாசிக்குத் தெரியும். வந்த இடத்தில் வாசலிலேயே வழக்காடவேண்டாம் என்று காரில் ஏறினார். அதுவே அவர் செய்த பிழை.

கார் வடக்கே போகவில்லை. மேற்கே கிள்ளானுக்குப் போயிற்று. அங்கே ஓர் அத்தையை ஏற்றவேண்டுமாம். அத்தை அப்பொழுதுதான் குளிக்கப் போயிருந்தார். பிறகு மாலைக்கடை, கடை திறக்க எட்டு மணியாயிற்று. ரவாங்கை நெருங்கும்போது கோகிலன் மறுபடியும் வண்டியை ஓரங்கட்டினான்.

"இப்ப எதுக்கு?"

"பசியாறிட்டுப் போலாம் மாமா. சாப்பிடாம கூட்டியாந்தேன்னா பெரியப்பா என்னைய ஏசுவாரு."

"எனக்குப் பசிக்கலைன்னு மூணு தடவை சொல்லிட்டேன். என் பஸ்ஸுல கலெக்டரே வந்தாலும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிறுத்தமாட்டேன்!"

"இது பஸ்ஸு இல்லீங்க, காரு," என்று பின்னிருக்கையிலிருந்து அத்தை சிரித்தார். சன்னாசி சிரிக்கவில்லை. இட்லி தட்டில் ஆறிப்போயிற்று.

சிலிம் ரிவர் என்ற ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை நின்றுபோயிற்று. விடுமுறைக்கு ஊர் திரும்பும் கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கடிகாரம் பத்தரையைக் காட்டியது. இந்நேரம் இரயில் அவரை ஈப்போவில் இறக்கிவிட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. மங்களத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயருகிட்டச் சொல்லி நிறுத்தி வை, மங்களம்."

"கேட்டுட்டேன்ணே. பன்னெண்டு தாண்டக்கூடாதுங்கறாரு. அடுத்த கல்யாணத்துக்காரங்க வேற வெளிய நிக்கறாங்க."

கோகிலன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "ஜாம் ஆவும்னு யாருக்கு மாமா தெரியும்?"

"இரயில் டிக்கெட் எடுத்தவளுக்குத் தெரியும்!" என்று கத்தினார் சன்னாசி.

ஈப்போவில் கோயில் மண்டபத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். விமலா கழுத்தில் தாலியோடு நின்றாள். மாமன் இல்லாத இடத்தை, இராமசாமியின் முதலாளியான பத்துமலை, மங்களத்துக்கு அண்ணன் முறை என்று நிரப்பியிருந்தார். புடவைகூட அவர் வாங்கித் தந்ததுதான்.

இராமசாமி பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தார். "வாங்க மச்சான்! கார்ல சௌரியமா வந்தீங்களா? ஒண்ணும் கெட்டுப்போகல. போட்டோக்காரர்கிட்டச் சொல்லியிருக்கேன். நீங்க மாலை போடற மாதிரி, சீலை குடுக்கற மாதிரி ரெண்டு படம் எடுத்துக்குவோம். ஆல்பத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

படப்பிடிப்பாளர் அதற்குள் சன்னாசியின் தோளைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். சன்னாசி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்குத் தெரியும், மாப்ள! நான் வரலைன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். உங்க கௌரவத்தை ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்துன கார்லயே எனக்கு என் தங்கச்சி பொண்ணு கல்யாணம் முடிஞ்சுபோச்சு. அதுக்குப் பொய்யா ஒரு படம் வேறயா?"

பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். விமலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன் மாமா, நான் அனுப்புன டிரெயின்ல வரல?"

சன்னாசி கோகிலனைத் திரும்பிப் பார்த்தார். கோகிலன் தரையைப் பார்த்தான். விமலா இருவரையும் பார்த்துவிட்டுத் தந்தையின் பக்கம் திரும்பினாள்.

"யாருப்பா கேன்சல் பண்ணது?"

"நம்ம வீட்டு மரியாதைக்குத்தான்மா…"

"நான் மாமாவ வரச் சொன்னேன். காரையா வரச் சொன்னேன்?"

அவள் மாமன் கொண்டுவந்த புடவையை அவரிடமிருந்து இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். படப்பிடிப்பாளர் பழக்கத்தால் கருவியை உயர்த்தினார். "வேணாம்ணே," என்றாள்; அவர் தாழ்த்திக்கொண்டார். இராமசாமி விருந்தினர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். ஒருவரும் உடன் சிரிக்கவில்லை.

மங்களம் அண்ணனின் முழங்கையைத் தொட்டாள். "சாப்பிட்டுட்டுக் கோபப்படுண்ணே."

"உன் சோத்து மேல எனக்குக் கோபமில்ல, ஆத்தா," என்றார் சன்னாசி. பந்தியில் இலைக்கு முன் அமர்ந்தார். எதிரில் இடம் காலியாக இருந்தும் இராமசாமி அங்கே வந்து உட்காரவில்லை.