பேருக்கு ஒரு துணைக் கேப்டன்

மாமாவின் புதுப் படகு இருபத்தாறு மீட்டர் நீளம். வந்த வம்பெல்லாம் அந்த நீளத்தால் வந்ததுதான். இருபத்துநாலு மீட்டரைத் தாண்டிய படகு ஆழ்கடலுக்குப் போக வேண்டுமானால் கேப்டனின் சான்றிதழ் மட்டும் போதாது. தேர்வில் தேறிய துணைக் கேப்டன் ஒருவரும் ஆள் பட்டியலில் இருந்தாக வேண்டும். அந்த இடத்துக்கு மாமா தன் மருமகனைத்தான் நினைத்து வைத்திருந்தார். மருமகனோ வகுப்புக்கு மூன்றே நாள்தான் போனான். தீயணைப்புப் பயிற்சியில் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நாலாம் நாள் வீட்டோடு நின்றுவிட்டான்.

குடும்பத்தில் அந்தச் சான்றிதழ் வைத்திருந்தது மாமாவின் அக்கா மகள் ஒருத்திதான். யாரோ ஒருவர் படகில் இரண்டு வருடம் கயிறு இழுத்து, மீன் தரம் பிரித்து, கடலில் கழித்த நாட்களை ஏட்டில் ஏற்றி, அதன் பிறகு வகுப்பில் உட்கார்ந்து வாங்கியது. ரேடார், வரைபடம், வயர்லெஸ் எல்லாம் அதில் உண்டு. கவிழ்ந்து கிடக்கும் மிதவைப் படகைத் தண்ணீரில் நின்றபடி நிமிர்த்தும் பயிற்சியில் முழங்கை தோலுரிந்து, ஒரு வாரம் கையை மடக்க முடியாமல் கிடந்தாள். இவ்வளவும் ஆகித் துணைக் கேப்டன் வேலை கேட்டால், பெண் என்று ஒரு படகுக்காரரும் சேர்க்கவில்லை. வலைக்கடையில் நின்று நூல்கண்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தவளிடம் அம்மா சாதாரணமாகச் சொன்னாள், மாமா வந்திருந்தார், சான்றிதழைக் கேட்டார், பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்று. பட்டியலில் பெயர் மட்டும் இருக்குமாம். கடலுக்கெல்லாம் வந்து அவள் கஷ்டப்பட வேண்டாமாம்.

அவள் கத்தவில்லை. கை கால் கழுவிச் சாப்பிட்டாள். பிறகு மழைக்கோட்டையும் இரண்டு செட் துணியையும் பைக்குள் திணித்தாள். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, காலையில் படகு கிளம்புகிறதல்லவா, துணைக் கேப்டன் போக வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள்.

விடிந்து அவள் துறைமுகத்துக்குப் போனபோது ஐஸ் ஏற்றி முடித்திருந்தார்கள். துறைமுக அலுவலக குமாஸ்தா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் யாரையும் கேட்காமல் ஏறி, நேராகச் சுக்கான் அறைக்குள் போய் நின்றாள். கேப்டன் மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகம் கடுகடுத்தது.

"இறங்கும்மா. வீட்டுல பேசிக்கலாம்."

"இறங்குறேன் மாமா. என் பேரையும் பட்டியல்ல இருந்து இறக்கிடுங்க."

"பேரு இல்லேன்னா படகு கிளம்பாது. தெரியுமில்ல?"

"தெரியும். அதைத்தான் நானும் சொல்றேன். பேரு போற இடத்துக்கு நானும் போவேன். இல்லேன்னா ரெண்டும் கரையில இருக்கும்."

குமாஸ்தாவுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. இதுவரை தெரியாத மாதிரி இருந்தார், அவ்வளவுதான். இப்போது பத்துப் பேர் காதில் விழுந்துவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, முடிவு பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று நடையைக் கட்டினார். மாமா சான்றிதழை அவள் கையில் திணித்துப் படகை விட்டு இறங்கச் சொன்னார். அவளும் இறங்கினாள்.

படகு மூன்று நாள் கட்டிக் கிடந்தது. ஐஸ் கரைந்தது. மாமா நாலு ஊர் அலைந்தும் சான்றிதழோடு சும்மா இருக்கும் ஆள் கிடைக்கவில்லை. படகின் சமையல்காரர் அவள் வீடு தேடி வந்து, உன் வீம்புக்கு எங்கள் பிழைப்பா கிடைத்தது என்று கேட்டுவிட்டுப் போனார். அது சுருக்கென்று தைத்தது. அம்மா பேச்சை நிறுத்தினாள். தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள். விட்டுக்கொடுத்துவிடலாமா என்று அவளுக்கே ஒரு தடவை தோன்றியது. தோன்றியதும் எழுந்து முழங்கைத் தழும்பைத் தேய்த்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

நாலாம் நாள் ஆள் வந்தது. மாமா வரவில்லை, கேப்டனே வந்தார். வரச் சொல்லியிருக்கிறார், ஆனால் என் சுக்கானில் கை வைக்காதே என்றார். வாட்ச் இல்லாமல், சுக்கான் பொறுப்பில் எனக்கென்று ஒரு முறை இல்லாமல், வரமாட்டேன் என்றாள் அவள். அவர் தாடையைச் சொறிந்தார். பகலில் நாலு மணி நேரம் என்றார்.

கடலுக்குப் போன இரண்டாம் நாள் மதியம், அவள் வாட்சில், மழை திரை போட்ட மாதிரி இறங்கியது. முன்பக்கத்துக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. கேப்டன் நம்பிக்கை இல்லாமல் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். ரேடாரில் வலப்பக்கம் ஒரு பெரிய புள்ளி. வேகத்தைக் குறைத்துவிட்டு மூன்று தடவை கணக்குப் பார்த்தாள். தூரம் குறைந்துகொண்டே வந்தது, திசை மட்டும் மாறவே இல்லை. அப்படி என்றால் மோதல். அவள் சுக்கானை வலப்பக்கம் நன்றாக ஒடித்தாள்.

"இடது பக்கம் ஒடி, முந்திடலாம்" என்று கேப்டன் கையை நீட்டினார்.

"இது என் வாட்ச். நான் பொறுப்பை எடுத்துக்கிறேன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, விட்டுடுறேன். சொல்லாம கை வைக்காதீங்க."

கேப்டனின் கை அந்தரத்தில் நின்றது. அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்து நடப்பதெல்லாம் அவர் தலையில்தான். ரேடாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ரேடாரைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். அவள் ஊதுகுழலை நீளமாக அழுத்தினாள். மழைக்குள்ளிருந்து இன்னொரு குழல் கனமாகப் பதில் சொன்னது. புள்ளி மெல்ல நகர்ந்து இடப்பக்கம் போயிற்று. கொஞ்ச நேரத்தில், ஒரு மாடிக் கட்டடம் நகர்ந்து போவது போல, சரக்குக் கப்பல் ஒன்றின் பின்புறம் மழையில் தெரிந்து மறைந்தது.

கேப்டன் பாராட்டவெல்லாம் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் போய்ப் படுக்கிறேன். ஏதாவதுன்னா எழுப்பு."

"சரி" என்றாள்.

அவர் ஏணியில் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் படகைப் பழைய திசைக்குத் திருப்பி, மணியைப் பார்த்தாள். வாட்ச் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.