பூட்டிய வீட்டுக்கு ஏழு

உலக மகிழ்ச்சிப் பட்டியலில் எங்கள் நாடு அந்த வருடம் நாலு இடம் மேலே ஏறியது. தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்று நாலு. அலுவலக வாசலில் பேனர் கட்டினார்கள்.

"பக்கத்து நாட்டுக்காரன் நூத்திரெண்டு. இனிமே நம்ம மூஞ்சியில எப்படி முழிப்பான்?" என்றார் மேற்பார்வையாளர். ஒரு கை உடைந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னார்.

அந்த நாலு இடத்தில் என் கையும் இருக்கிறது. நான் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவன். முதலில் பென்சிலில் குறித்துக்கொண்டு அப்புறம் மையால் எழுதுவேன். அதனால் அலுவலகத்தில் எனக்குப் பென்சில் என்றே பெயர். பெயர்ப் பட்டியலில் அச்சாகி வந்த ஆளையேதான் கேட்க வேண்டும். மனைவி சொன்னால் செல்லாது, அண்ணன் சொன்னால் செல்லாது. ஏணிப் படம் போட்ட அட்டையைக் காட்டுவோம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள். உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது? அப்புறம் சில்லறைக் கேள்விகள். நேற்று நன்றாகத் தூங்கினீர்களா? நேற்று சிரித்தீர்களா?

மூன்று தடவை போயும் வீடு பூட்டியிருந்தால் காலிப் படிவத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. காலிப் படிவம் அதிகமானால் அடுத்த சுற்றில் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பூட்டிய வீட்டுக்கு ஏழு. எட்டு போட்டால் சந்தேகப்படுவார்கள், ஐந்து போட்டால் கத்துவார்கள். ஏழு என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பேனர் கட்டிய மறுநாள் ஒரு பெண் வந்து என் மேஜை முன்னால் நின்றாள். சலவைக்கூடத்து வேலை என்று விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. சலவைச் சோடாவில் ஊறி வெளுத்துப்போன விரல்கள். அதில் ஒரு தபால் அட்டை. பதில் சொன்னவர்களுக்கெல்லாம் ஆறு மாதம் கழித்துக் கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் அட்டை அது. 'பதினேழாம் தேதி உங்கள் இல்லத்தில் எங்களுடன் பேசியதற்கு நன்றி.' கீழே என் ஊழியர் எண்.

"இந்த நம்பர் நீங்கதானே சார்?"

"நான்தான்."

"எங்க வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல சேறு அள்ற மிதவையில வேலை. மழைக்காலத்துல தண்ணியில விழுந்துட்டாருன்னு வந்து சொன்னாங்க. உடம்பு கிடைக்கல." அட்டையை ஒருமுறை தடவினாள். "அது நடந்து மூணு மாசம் கழிச்சு நீங்க அவரைப் பாத்திருக்கீங்க. எப்படி இருந்தாரு சார்?"

அடுத்த மேஜையில் மேற்பார்வையாளர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"நல்லா இருந்தாரும்மா."

"சிரிச்சாரா?"

படிவத்தில் ஆம் என்று போட்டிருந்தேன். "சிரிச்சாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப அவரேதான். எதுக்கெடுத்தாலும் பல்லைக் காட்டுற ஆளு."

அவள் படியிறங்கியதும் மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். "பென்சில், வாயைத் திறந்துராத. ஒரு வீட்டைக் கிளறினா எல்லா வீட்டையும் கிளறுவானுங்க. பேனரை அவிழ்க்கிற வேலை எனக்கு வேணாம்."

அதன் பிறகு என்னால் ஒரு பூட்டின் முன்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை. உள்ளே யாரோ பதிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்காமல் போகிறானே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். திரும்பி நடந்தால் முதுகு கூசும். நான் ஏழு போட்ட வீடுகளை எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன். அதில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்களோ.

என் அப்பா சுண்ணாம்புச் சூளையில் வெந்து செத்தவர். ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். விழுந்து அழ அம்மாவுக்கு அந்தச் சாக்காவது கிடைத்தது. இவளுக்கு அழ ஓர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. நான் அந்தச் சாவையும் பிடுங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அடுத்த சுற்றுப் பட்டியல் வந்தது. பழைய ஆட்களையே மறுபடி கேட்க வேண்டுமாம். முதல் பெயர் மிதவைக்காரருடையது. பக்கத்தில் அச்சடித்திருந்தது: 'நன்கு ஒத்துழைத்தவர்.'

போனேன்.

கதவு அகலத் திறந்து கிடந்தது. வாசல் கொடியில் ஆண்பிள்ளைச் சட்டையும் கால்சட்டையும் சொட்டச் சொட்டத் தொங்கின.

"வாங்க சார். அவரை மறுபடியும் பாத்தீங்களா?" என்று எழுந்தாள். "துணியைத் தினமும் அலசிப் போட்டுர்றேன். வந்தா மாத்திக்க வேணும்ல? வீட்டைப் பூட்டுறதே இல்ல இப்ப."

"இறப்புச் சான்றிதழுக்கு மனு குடுத்திருப்பீங்களேம்மா?"

"திருப்பி வாங்கிட்டேன். அட்டையைக் காட்டினதும் கம்பெனிக்காரன், உன் புருஷன் ஓடிப்போயிட்டான், விழவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டான். கொழுந்தன்கூட எவளோடயோ போயிட்டான்னு சொல்றான். ஓடட்டுமே சார். ஓடுற ஆளுக்கு உசிரு இருக்குல்ல?"

சட்டையிலிருந்து தண்ணீர் கீழே கிடந்த தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, நான் அவரைப் பாக்கல."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அன்னைக்கு இங்க பூட்டு தொங்குச்சு. தெருமுனைத் தண்ணித்தொட்டி மேல உக்காந்து எல்லாத்தையும் நானே எழுதினேன்."

"சிரிச்சாருன்னு சொன்னீங்க."

"பொய்."

அவள் கொடியில் தொங்கிய சட்டையின் நுனியைப் பிடித்தாள்.

"எத்தனாவது படின்னு போட்டீங்க?"

"ஏழு."

"ஏழா?" குரல் உடைந்தது. "இடுப்பளவு சேத்துல நின்ன மனுஷனுக்கு ஏழா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"எழுதிக் குடுங்க."

நான் பழக்கத்தில் பையைத் துழாவினேன்.

"பென்சில் வேணாம். பேனாவுல எழுதுங்க."

எழுதினேன். பதினேழாம் தேதி வீடு பூட்டியிருந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. பதில்கள் நான் இட்டுக்கட்டியவை. கையெழுத்துப் போட்டு ஊழியர் எண்ணையும் எழுதினேன். அதோடு என் வேலை போயிற்று. அவளுக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை.

அவள் தாளை நாலாய் மடித்துக்கொண்டாள். கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். அப்படியே அதை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மாதத்து அழுகை அது. நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி மனு கொடுக்க, பதிவு அலுவலகம் மூடுவதற்குள் போக வேண்டும் என்றாள். அலமாரியிலிருந்து பழைய பூட்டை எடுத்துக் கதவில் மாட்டி, இழுத்துப் பார்த்தாள். படியிறங்கப் போனவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"இப்ப இந்த வீட்டுக்கு என்ன போடுவீங்க?"

பையில் அவர் பெயரோடு புதுப் படிவம் காலியாக இருந்தது.