விசில் அடித்தால் ஒரு டம்ளர்

தைரியநாதன் முப்பத்தோரு வருஷம் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டியவர். மலைப்பாதை வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்க முடியாது என்பதால், டிரிப் முடியும்வரை தண்ணீரைத் தொடமாட்டார். ரிட்டயராகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலையில் ஒரு காபி, மத்தியானச் சோற்றோடு அரை டம்ளர், அவ்வளவுதான்.

"தாகமே எடுக்கல. எடுக்காத தாகத்துக்கு இன்னாத்துக்கும்மா தண்ணி?" என்று மருமகள் பவுலினைக் கேட்பார்.

அதற்குப் பதில் சித்திரையில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், கரும்புக்குத் தண்ணீர் பாய்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெயிலோடு வெயிலாகப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, "கண்டக்டர் எங்க? மூணு மணி டிரிப்புக்கு நேரமாவுது" என்றார்.

பவுலின் முதலில் சிரித்தாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. நாக்கு அட்டை போலக் காய்ந்திருந்தது. கண் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது. நாலு வயசு மகள் ஜெஸியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அவரைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இரண்டு பாட்டில் சலைன் ஏறியதும் பெரியவருக்கு ஊர் பேர் எல்லாம் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா பவுலினைத் தனியாக அழைத்தார்.

"ஒடம்புல தண்ணி இல்ல, அதான் புத்தி தடுமாறிப்போச்சி. வயசாயிட்டா தாகம் சரியா தெரியாதுங்க. தாகம் வரட்டும்னு பாத்துக்கினு இருந்தா மறுபடி இங்கதான் வரணும். இருதயம், கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு, தாராளமா குடிக்கலாம். மூத்திரம் வெளிர் மஞ்சளா போகணும். டிகாக்‌ஷன் மாதிரி போச்சின்னா தண்ணி கம்மின்னு அர்த்தம். பாப்பாவுக்கும் அப்பப்ப குடுங்க. புள்ளைங்க வெளையாட்டுல மறந்துடும்."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் பவுலின் ஒப்பிக்க, பெரியவர் மூன்று நாள் அதன்படி நடந்தார். நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. பவுலின் காலை எட்டரை டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையத்தை விட்டுக் கிளம்பி, கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்க வேண்டும். கணவன் சாம் ஓசூரில் கம்பெனி வேலை. வீட்டில் பெரியவரைக் கண்காணிக்க இருந்த ஒரே ஆள் ஜெஸி.

பவுலின் திருவிழாக் கடையில் ஒரு விசில் வாங்கினாள்.

"தாத்தா டிரைவரு. நீதான் கண்டக்டரு. டிவில ஒரு பொம்மப்படம் முடிஞ்சதும் ஒரு விசிலு. வண்டி நிக்கணும். ஆளுக்கு ஒரு டம்ளரு. குடிச்சப்பறம்தான் ரெண்டு விசிலு. செரியா?"

முப்பத்தோரு வருஷம் விசிலுக்குக் கட்டுப்பட்ட கால். சத்தம் கேட்டதும் அது தானாகவே எதையோ மிதித்தது. ஒரு முறை தண்ணீர், ஒரு முறை நீர்மோர், ஒரு முறை உப்புப் போட்ட கஞ்சி என்று தைரியநாதன் குடித்துத் தீர்த்தார். ஜெஸி தன் சின்ன டம்ளரில் குடித்துவிட்டு, "ஒண்ணுக்குப் போறவங்கல்லாம் போய்ட்டு வாங்க" என்று கறாராக அறிவித்தாள்.

பத்து நாள் கழித்து அவருக்குச் சந்தேகம் வந்தது. "கண்டக்டரே, இந்த ரூட்ட யாரு போட்டது?"

"அம்மா."

அன்று சாயங்காலம் பவுலின் மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு வந்தாள். ஜெஸி ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். தைரியநாதன் அவள் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது.

"இன்னாம்மா, பாட்டிலுக்கு ஊரச் சுத்திக் காட்டிட்டு எட்டாந்துக்கினு இருக்கியா?"

"கடையில கக்கூசு மூணாவது மாடியில, மாமா. சாவி சூப்பர்வைசருகிட்ட. போய்ட்டு வர்றதுக்குள்ள நாலு தடவ வாட்ச்சப் பாப்பாரு. அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்."

"ஓகோ" என்றார். ஜெஸியின் விசிலை வாங்கி வேட்டி நுனியில் துடைத்து வைத்தார். அதுவே பவுலினுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு, கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில், கடைப் படிக்கட்டில் விசில் கேட்டது. வெள்ளை வேட்டியில் தைரியநாதன் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் ஜெஸி.

"மாமா, இன்னா இது?" பவுலின் பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"கஸ்டமர மாமான்னு கூப்புடாதம்மா. புடவையக் காட்டு."

இருபத்திரண்டு புடவை பிரிந்து விழுந்தது. ஜெஸி ஒரு விசில் அடித்தாள். தைரியநாதன் மஞ்சப்பையிலிருந்து நீர்மோர் பாட்டிலையும் டம்ளர்களையும் எடுத்து வைத்தார். "ஸ்டாப்பு வந்துட்டுது. டிரைவரும் கண்டக்டரும் மட்டும் குடிச்சாப் போதுமா? ரூட்டுப் போட்டவங்களும் குடிக்கணும்."

பவுலின் வேறு வழியில்லாமல் குடித்தாள். குடித்த பிறகுதான் எவ்வளவு வறண்டிருந்தோம் என்று தெரிந்தது. பக்கத்துக் கவுண்டரில் நின்ற விஜயலட்சுமியும் கை நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு ஊத்துங்க, பெரியவரே."

சூப்பர்வைசர் கண்ணாயிரம் வேகமாக வந்தார். "இங்க இதெல்லாம் கூடாதுங்க."

தைரியநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கும் ஒதடு வெடிச்சிருக்குதே, சார். மூத்திரம் எந்தக் கலர்ல போவுது?"

கல்யாண வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாயிரத்துக்குக் காது சிவந்தது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"மெதுவாவே கேக்கறேன். இந்த எலுமிச்சை மஞ்சளா, அந்தக் கடுகு மஞ்சளா?" என்று இரண்டு புடவைகளைத் தூக்கிக் காட்டினார்.

கண்ணாயிரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கடுகு மஞ்சள் புடவையை ஒற்றை விரலால் தொட்டார்.

"பாத்தீங்களா. அப்ப சாவி கேக்கப் பயந்து தண்ணியே குடிக்காத இந்தப் பொண்ணுங்களுக்கு எப்பிடி இருக்கும்?" தைரியநாதன் ஒரு டம்ளரை நிரப்பி அவர் கையில் கொடுத்தார்.

கண்ணாயிரம் நின்றபடியே குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டும் குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கக்கூஸ் சாவியை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், புடவைப் பிரிவின் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

பெரியவர் ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு பேத்தியோடு இறங்கினார். பிரிந்து கிடந்த புடவைகளை மடித்து முடிக்க பவுலினுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நடுவில் ஒரு முறை, சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு, மூன்றாம் மாடிக்குப் போய்வந்தாள்.