புளி தேய்த்த காசு

நான் செம்புக் காசு அடிப்பவன். செவிலிமேட்டில் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 1818 என்று வருஷம். வெள்ளைக்காரன் அப்படியொரு காசை அடித்ததே இல்லை, என் அச்சில்தான் அது பிறந்தது. கோயில் வாசல் கடைகளில் பூஜைக்கு என்று வாங்கிப் போவார்கள்.

கோதண்டபாணி வாத்தியார் நாற்பது வருஷமாகப் பழங்காசு சேர்ப்பவர். தொழில் தொடங்கிய வாரமே வந்துவிட்டார். "சாமுவேல், நீ அடிக்கிறத தப்புன்னு சொல்லலை. ஆனா நகல்னு ஒரு முத்திரை போட்டுடுப்பா. சேக்கறவா ஏமாந்துடப்படாது."

போட்டேன். ஓங்கி அடித்தால் மறுபக்கம் ராமர் முகம் நசுங்கியது, கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அதனால் மேலாகத் தட்டினேன். எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால் போதாதா என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஊரே பூஜைச் சாமானைப் புளி போட்டுத் தேய்க்கும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

எட்டு வருஷம் கழித்து, 2003-இல், வாத்தியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். உள்ளங்கையில் ஒரு காசு. ஐயம்பேட்டையில் அங்கம்மாள் என்பவர் வீட்டுப் பூஜை அலமாரியில் கிடைத்ததாம்.

"நீ அடிக்கிறதுக்கெல்லாம் அசல் இதுதான்பா, முத்திரையே இல்லை பாரு! எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை! ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல, காசு சேக்கறவா கூட்டத்துல இதப் பத்திப் பேசப்போறேன்."

முத்திரை இருந்த இடம் வழவழவென்று இருந்தது. ஆனால் ராமர் வில்லில் ஒரு கீறல். என் அச்சில் விழுந்த கீறல் அது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "நல்லா இருக்குது சார்" என்றேன். பாவி நான்.

கூட்டத்தில் ஒருவர் அதே காசு ஐந்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டாராம். ஐந்திலும் நகல் முத்திரை, வில்லில் அதே கீறல். எல்லோரும் சிரித்தார்களாம்.

பத்து நாள் கழித்து வாத்தியார் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நாற்பது வருஷத்துக் காசுகள்.

"எது அசல்னு எனக்கு இனிமே தெரியாது. என்னால இன்னொருத்தர் ஏமாற வேண்டாம். எல்லாத்துலயும் நகல்னு அடிச்சுடு. ஆழமா அடி."

"ஐயோ, இதெல்லாம் அசல் சார்! அது ஒண்ணுதான் என்னுது. அன்னிக்குப் பாத்தப்பவே தெரியும்."

"அன்னிக்கேவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப, இதெல்லாம் அசல்னு நீ சொல்றத எப்படிப்பா நம்பறது? அடி."

முதலில் கைக்கு வந்தது ஒரு சோழர் காசு. வாத்தியார் பார்த்துக்கொண்டே நின்றார். சுத்தியலை ஓங்கினேன்.