யெஷியின் ஒரு மணி

மலைமுகடுகளின்மேல் செவ்வொளி பரவ, பழைய மன்னர்தம் கற்கோட்டை பனி நீங்கித் தலைகாட்ட, திருமுழுக்குப் பெருவிழாவின் வைகறை கோந்தர் நகரின்மேல் மெல்லப் புலர்ந்தது. இரவெல்லாம் குளக்கரையில் தேவாலயத் திருப்பேழைகளோடு விழித்திருந்த வெள்ளாடை மாந்தரின் பாட்டொலி தெருவெங்கும் மிதந்துவர, கடல்கடந்து வந்தோரால் விடுதிகள் யாவும் நிரம்பி வழிந்தன. ஆண்டுப் பிழைப்பை இவ்வொரு விழாவே தருமென்று நம்பி வாழும் ஊர் அது. அந்நம்பிக்கை இதுவரை வீண்போனதில்லை.

கணவனை இழந்தபின் வீட்டையே விடுதியாக்கிய யெஷிக்கு, கடல்கடந்த வடபுலத்து மாரித் அம்மையாரும் அவர் கணவருமே முதல் விருந்தினர். அவர்கள் மனம் நிறைந்து ஊர்திரும்பி நாலு பேரிடம் நல்லது சொன்னால் விடுதி நிலைக்கும். இல்லையேல் கதவைச் சாத்திவிட்டுத் தலைநகரில் தங்கை வீட்டில் ஒண்டவேண்டியதுதான். “ஒரு மணிக்குக் கிளம்புங்க, குருமார் குளத்துத் தண்ணிக்கு ஆசி கொடுக்கிறதைப் பாக்கலாம்” என்று முந்தைய நாள் மாலையே சொல்லியிருந்தவள், பொழுது விடிந்ததும் காப்பி வறுத்த மணத்தோடு வந்து கதவைத் தட்டினாள். உள்ளே படுக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன.

“ஓடிட்டாங்க அண்ணி,” என்று கொட்டாவி விட்டான் கொழுந்தன் அயலேவ். “நேத்து நீங்க வெச்ச மிளகாய்க் குழம்பு வேலையைக் காட்டிருச்சு.”

“வாயை மூடிட்டுத் தேடு. ஒரு மணிக்குன்னு தெளிவாத்தானே சொன்னேன்?”

“ஐயோ அண்ணி, அவங்க கடிகாரத்துல ஒரு மணின்னா நடுராத்திரி.”

விடியலிலிருந்து மணி எண்ணும் மண்ணில் பிறந்த யெஷிக்கு, உலகம் வேறுவகையாய் எண்ணுமென்பது நினைவுக்கே வரவில்லை. குளிரில் முதியோர் இருவரையும் தெருவில் விட்டோமே என்று நெஞ்சு பதற, கூட்டத்தைப் பிளந்துகொண்டு குளக்கரைக்கு ஓடினாள்.

அங்கே, யாரோ போர்த்திய வெண்துகிலுக்குள், பாடும் பெண்டிர் நடுவே தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தனர் இருவரும். மாரித்தின் தொண்டை பாடிப்பாடிக் கட்டியிருந்தது.

“மன்னிச்சிடுங்கம்மா. எங்க ஒரு மணி இதுதான், விடிஞ்சு ஒரு மணி நேரம். தப்பு என்னுது.”

மாரித், விழாவுக்கென்றே கற்றுவந்த அந்நாட்டு மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார்: “விடிஞ்சப்புறம் வந்தவங்க அதோ மேடையில நின்னு படம் பிடிக்கிறாங்க. நடுராத்திரியே வந்த எங்களுக்கு இவங்க பாட்டுச் சொல்லிக்கொடுத்தாங்க. அடுத்த வருஷம் என் தங்கச்சி வருவா. அவளுக்கும் தப்பாவே நேரம் சொல்லுங்க.”

யெஷி அழுதுகொண்டே சிரித்தாள். குருமார் ஆசி வழங்கிய நீரில் இளைஞர் ஆர்ப்பரித்துக் குதித்தனர். விழாவைக் கண்டு செல்வோர் எண்ணற்றோர். விழாவினுள் ஓரிடம் பெற்றவரோ, அவ்வூரைத் தம் ஊரென்றே எண்ணி மீண்டும் வருவர். அவ்வாறு மீண்டு வருவோர்க்கென அவ்விடுதியின் கதவு இன்றும் திறந்தே இருக்கின்றது.