பாக்கெட்டின் மேல் புஷ்பவல்லி

வெள்ளைச்சாமி நிலக்கரி மைன்ஸில், மண்ணை வெட்டிப் பெல்ட்டில் கொட்டும் பக்கெட் வீல் என்ற ராட்சத மெஷினை ஓட்டி ரிட்டயர் ஆனவர். பெரிய மெஷின் என்றால் அவருக்கு ஒரு கிறக்கம். ஓடுகிற பெல்ட் காலியாகப் போகக் கூடாது என்பது அவர் வேதம். அந்தக் கிறக்கம் மட்டும் இல்லாவிட்டால், குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் பேசாமல் சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்குக் கிளம்பியிருப்பார். மைன்ஸ் பக்கத்திலேயே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருக்க மாட்டார்.

அவர் மனைவி புஷ்பவல்லியின் கைமுறுக்கு குவார்ட்டர்ஸில் அவர்கள் இருந்த பழைய பிளாக் முழுக்கப் பிரசித்தம். மாவை இரண்டு விரலால் முறுக்கி, தட்டு அகலத்துக்குச் சுற்றுவாள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே எல்லாரும் சொல்லி வைப்பார்கள். அதை நம்பித்தான் மனிதர் மனக்கோட்டை கட்டினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பண்ருட்டி ரோட்டில் ஷெட் பிடித்து, ஆள் உயர பேக்கிங் மெஷின் ஒன்றை இறக்கினார். மேலே கொட்டினால் குழாய் வழியாக இறங்கி, கீழே பாக்கெட்டாக விழும். பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் சுருளில் புஷ்பவல்லியின் சிரித்த முகம். கீழே ‘புஷ்பவல்லி கைமுறுக்கு’ என்று அச்சு. கொஞ்சமாக அடித்துத் தர மாட்டார்களாம். ஷெட்டின் ஒரு மூலை நிறைய வாங்கி அடுக்கினார்.

முதல் நாளே வம்பு. தட்டு அகல முறுக்கு குழாய்க்குள் போகுமா? உடைந்து அடைத்துக்கொண்டது. சின்னதாகச் சுற்றச் சொன்னார். சுற்றினாள். ஆனால் அவள் ஒன்று சுற்றுவதற்குள், காற்றடைத்த வெறும் பாக்கெட்டுகளாக அவள் முகமே வரிசையாக விழுந்துகொண்டிருந்தது.

“மெஷின் சும்மா ஓடுது புஷ்பா. நீ வீட்ல இரு. நான் ஆள் வச்சுப் பாத்துக்கறேன்.”

கனிவாகத்தான் சொன்னார். அவள் கையில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அப்புறம் ஷெட் பக்கமே வரவில்லை. ஆட்கள் அச்சில் பிழிந்த குட்டி வளையங்கள் தடையில்லாமல் குழாயில் இறங்கின. சேத்தியாத்தோப்பு வரை கடைகளில் சரம் சரமாகத் தொங்கின.

தீபாவளி நெருங்கும்போது பழைய பிளாக் காயத்ரி பார்க்க வந்தாள். வாசலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. கடையில உங்க பாக்கெட் வாங்கித் தின்னு பாத்தேன். உங்க கைப்பக்குவம் போயிடுச்சு.”

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமிக்குக் கேட்டது. அந்த முறுக்கு தன் கையால் சுற்றியதில்லை என்று புஷ்பவல்லி சொல்வாள் எனக் காத்திருந்தார். வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்லி, காபி கொடுத்து அனுப்பினாள்.

 பாக்கெட்டிலிருந்து அவள் படத்தையாவது எடுத்துவிடலாம் என்று மனிதர் ஷெட்டுக்கு ஓடினார். சுருள்கள் இன்னும் இடுப்பளவு கிடந்தன. தூக்கி எறிய மனசு வரவில்லை; அதற்கும் தன்னையே திட்டிக்கொண்டார்.

தீபாவளியன்று அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. இத்தனை வருஷத்தில் கேட்காமலே தட்டில் வந்ததை முதல்முறையாகக் கேட்டார்: அவள் சுற்றின முறுக்கு ஒன்று வேண்டும் என்று.

அவள் அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். கத்தரிக்கோலால் வெட்டித் தட்டில் கொட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

“நான் சுத்தினதுதாங்க. படம் போட்டிருக்குல்ல.”

வெள்ளைச்சாமி தட்டைத் தள்ளிவைக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார்.